மைக்கில் சொன்ன ஒரு ‘வாரேன்’

என் மீசையைப் பார்த்து என்னைத் தைரியசாலி என்று நம்பியவர்களில் முதல் ஆள் என் மாமனார். இரண்டாவது, காவல்துறை. இரண்டு பேரும் தீர விசாரிக்காமல் ஏமாந்தவர்கள். மீசைக்குத் தைரியம் இருந்தது உண்மைதான். அதை வைத்திருந்த ஆளுக்கு இல்லை. இது எனக்கே ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் ஒரு முகூர்த்த நாளில் தெரியவந்தது.

அப்போது நான் மதுரையிலிருந்து மேலூர் போகும் நாலுவழிச் சாலையை ஒட்டிய ஒரு காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர். நிலையத்தின் பெயர் வேண்டாம். நான் எழுதப்போவது அதற்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை.

சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்னால், பேரிடர் ஒத்திகை ஒன்று நடத்தினார்கள். எரிவாயு டேங்கர் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பது அன்றைய பாடம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தண்ணீர் டிரம்மைச் சாய்த்து வைத்து, அதுதான் டேங்கர் என்றார்கள். நான்தான் சம்பவ இடத்துப் பொறுப்பு அதிகாரி. ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்ததும் எனக்கு என்ன அதட்டல் வந்தது தெரியுமா! “காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாரு! காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஆளை நகர்த்து! அடுப்பை அணை! எவனும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது!” கடைசியாக, பயிற்சி தர வந்தவர்கள் எழுதிக்கொடுத்ததை நெஞ்சை நிமிர்த்திப் படித்தேன்: பொறுப்பு அதிகாரி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கைதட்டினார்கள். டிரம் வெடிக்காது என்பது எனக்கும் தெரியும், டிரம்முக்கும் தெரியும். அந்தத் தைரியம்தான்.

சம்பவ நாளன்று காலை ஒன்பது மணிக்கு நிஜ டேங்கரே கவிழ்ந்தது. அதுவும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிரே. ஓட்டிவந்தவர் முன்கண்ணாடி வழியாக வெளியே வந்து, முழங்கை சிராய்ப்போடு, “லோடு வண்டி சார், ஃபுல் லோடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வயலில் இறங்கி ஓடினார். அவரை அன்று கோழை என்று திட்டினேன். பத்து நிமிடத்தில் அந்த வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

என்னோடு ஜீப்பில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர், பணி ஓய்வுக்கு இரண்டு மாதமே இருந்த பழைய ஆள். இன்னொருவர் எங்கள் நிலையத்துத் தலைமைக் காவலர். ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுவோம். கீழக்குயில்குடிப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, மகப்பேறு, இடமாற்றம் என்று ஏதேதோ காரணத்தால் பின்தங்கி, அந்த வருடம்தான் சிறப்பு எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தாலும் பெயர் போய்விடும். அதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மண்டபத்தின் பின்னால் சமையல்கட்டிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. விறகு அடுப்பு. “ஏட்டம்மா, உள்ள போயி அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. பின்வாசல் வழியா எல்லாரையும் வயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்க நிக்கேன்” என்றேன். அதுவரை நான் நல்ல போலீஸ்காரன்தான். அவர் வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். “உஸ்ஸ்ஸ்” என்று டேங்கரின் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு சீறல்.

என் கால் இரண்டும் எனக்குச் சொல்லாமலே பின்னால் நகர ஆரம்பித்தன. ஒத்திகையில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று நன்றாக ஞாபகம் வந்தது: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். பார்த்தேன். மண்டபத்து வாழைமரத்தின் இலை கிழக்கே ஆடியது. அப்படியென்றால் பாதுகாப்பான பக்கம் மேற்கு. மேற்கேதான் ஜீப் நின்றது. ஊரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்த பாடம் என் ஒருவனுக்கு உதவியது.

“வண்டிய எடுய்யா” என்றேன்.

ஓட்டுநர் சாவியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். “அய்யா, கேஸ் சீறுற சத்தம் கேக்குது. இங்கன ஸ்டார்ட் பண்ணலாமா?”

“எடுய்யான்னா எடுய்யா!”

“எங்கிட்டுய்யா போறோம்?”

“டிராஃபிக்க நிறுத்தணும்லய்யா! சந்திப்புக்குப் போ!”

எவனும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று ஒலிபெருக்கியில் கத்திய அதே வாய். வண்டி கிளம்பியது. வெடிக்கவில்லை. எங்கள் துறை ஜீப் ஒரே திருகலில் கிளம்பியதே அன்றைய முதல் அதிசயம்.

அரை கிலோமீட்டர் தாண்டியிருப்போம். ஜீப்பிலிருந்த வயர்லெஸ் மைக்கில் ஏட்டம்மாவின் குரல்.

“அய்யா, இங்க யாரும் எந்திரிக்க மாட்டேங்கிறாக. தாலி கட்டாம மணவறைய விட்டுப் போகக் கூடாதாம். பொண்ணோட தாய்மாமன் மறிச்சு நிக்கிறாரு. இன்ஸ்பெக்டரே வந்து சொல்லட்டும்ங்கிறாரு. ஓவர்.”

நான் மைக்கை எடுத்தேன். பட்டன் இரண்டு தடவை வழுக்கியது.

“சரி சரி, பாத்துக்கங்க. நான் வாரேன்.”

வைத்துவிட்டேன். ‘ஓவர்’கூடச் சொல்லவில்லை.

நம் ஊரில் யாரும் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், கடல் கடந்து போனாலும் ‘வாரேன்’தான். நான் சொன்னதும் அந்த வாரேன்தான். ஓடிப்போகிற அவசரத்திலும் அபசகுனமாக ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள், அம்புட்டு நல்ல வளர்ப்பு. ஆனால் மண்டபத்துக்குள் நின்றவருக்கு நான் ஜீப்பில் ஏறியது தெரியாது. எதிரேயே நிற்கிறேன், இதோ வருகிறேன் என்றுதான் அவர் காதில் விழுந்தது.

மண்டபத்துக்குள் நடந்ததைப் பிறகு சமையல்காரர் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

“இன்ஸ்பெக்டரு எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார் தாய்மாமன். வெள்ளைச் சட்டை, மேற்கே வாடிப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி, கொண்டுவந்த சீர்த்தட்டைக்கூட இன்னும் இறக்கி வைக்காத கோபம் வேறு.

“வாரேன்னு சொல்லிருக்காக. இந்தா வந்துருவாக.”

“அப்ப அவரு வரட்டும். பொம்பளப் போலீசு சொல்லி நாங்க மணவறைய விட்டு எறங்குனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாக?”

“அய்யா வந்து சொன்னா எறங்குவீகள்ல?”

“அவரு வாயால சொல்லட்டும், எறங்குறோம்.”

ஏட்டம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. கேட்கவில்லை என்று அப்போது சொன்னேன். கேட்டது. எடுத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார் என்பதுதான் பயம்.

காத்திருந்த நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அடுப்பை அணைக்கச் சொன்னார். பக்கத்தில் தண்ணீர் இல்லை. தொட்டி வெளியே, சாலைப் பக்கம்.

“அந்த ரசத்த எடுத்து ஊத்துங்கண்ணே.”

“ரசத்தையா? முந்நூறு எலைக்கு வச்ச ரசம்மா!”

“எலை இருக்கும்ணே, சாப்புட ஆளு இருக்கணும்ல. ஊத்துங்க.”

சமையல்காரர் கண்ணில் நீர் வர ஊற்றியிருக்கிறார். புகையாலா ரசத்தாலா தெரியாது. நாலு அடுப்பும் அணைந்தது. தரையெல்லாம் ரசம்.

இதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. நான் வரவில்லை. ஏட்டம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். கவிழ்ந்த டேங்கர் இருக்கிறது, ஜீப் இல்லை. அப்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். யோசித்த ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அவர் செய்தது இதுதான். நேராக மணமேடையில் ஏறி, மாப்பிள்ளையிடம் குனிந்து, “தம்பி, இப்பவே கட்டு” என்றார்.

“நல்ல நேரத்துக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கு!” என்று தாய்மாமன் பாய்ந்தார்.

“மாமா, வெளிய வண்டி வெடிச்சா எந்த நேரமும் நல்ல நேரம் இல்ல. தாலி கட்டாம எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? தாலி ஏறட்டும். கெட்டிமேளம்!”

போலீஸ் வேலைக்கு வந்ததிலிருந்து நான் கேள்விப்பட்ட உத்தரவுகளிலேயே சிறந்தது அந்தக் கெட்டிமேளம்தான். மேளக்காரர்கள் பழக்கத்தில் அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பழக்கமில்லாமல் கட்டிவிட்டார். முந்நூறு பேரும் பின்வாசல் வழியாக வயலுக்கு ஓடினார்கள். சமையல்கட்டைத் தாண்டும்போது மணப்பெண்ணின் பெரியம்மா ரசத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சேதம் அது ஒன்றுதான்.

அதே நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சந்திப்பில் ஏற்கெனவே இரண்டு போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து விசிலைப் பிடுங்கி, சாலை நடுவில் நின்று, கை வீசி ஊதித் தள்ளினேன். ஓர் ஊர்ப் பேருந்தின் நடத்துநர் தலையை வெளியே நீட்டினார்.

“சார், எங்கள இப்பத்தான் திருப்பி விட்டாக. நீங்க மறுபடி அங்கிட்டே போகச் சொல்றீக!”

டேங்கர் பக்கமே ஒரு பேருந்தை அனுப்பப் பார்த்திருக்கிறேன். அம்புட்டுச் சுறுசுறுப்பு.

தீயணைப்பு வண்டி வந்து பார்த்தது. டேங்கரில் துளிக் கசிவுகூட இல்லை. சீறியது பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாய். சைக்கிள் டியூபிலிருந்து போகிற அதே காற்று. அதற்குத்தான் நான் ஒரு கல்யாண மண்டபத்தையே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். தகவல் கிடைத்ததும் மீசையைத் தடவிச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனேன். வயலில், வேப்பமர நிழலில், பெரியம்மாவின் உடைந்த கையைத் துண்டால் கட்டிவிட்டுக்கொண்டு ஏட்டம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்கய்யா” என்றார்.

பத்து நாளில் தாய்மாமன் புகார் கொடுத்தார். நேரம் தப்பித் தாலி கட்ட வைத்தது, விருந்தைக் கொட்டிக் கெடுத்தது, கை முறிந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஸ்பெக்டர் வருகிறார் வருகிறார் என்று சொல்லி அரை மணி நேரம் ஆபத்தில் உட்கார வைத்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஏட்டம்மாவுக்கு மெமோ வந்தது: வெளியேற்றுவதில் தாமதம், அனுமதியின்றி உணவுப் பொருளைச் சேதப்படுத்தியது. எனக்கு ஒரு நற்சான்றிதழ் வந்தது: போக்குவரத்தைத் திறம்பட மாற்றியமைத்ததற்கு.

விசாரணைக்கு டி.எஸ்.பி. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் நேர்மையான மனிதர். அவர் முன்னால் வைத்த பொய்தான் நேர்மையாக இல்லை.

“நீங்க மைக்ல ‘வாரேன்’னு சொல்லிருக்கீங்க. நிலையத்து வயர்லெஸ் பதிவேட்டுல ‘சம்பவ இடத்துக்கு வருவதாகக் கூறினார்’னு எழுதிருக்கு. ஏன் வரல?” என்று கேட்டார்.

அந்த ஒரு நிமிடம் என் முன்னால் இருந்தது. பயந்துவிட்டேன் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் ஏட்டம்மாவின் பெயர் பட்டியலில் நிற்கும். என் மீசை நிற்காது.

“அய்யா,” என்று சிரித்தேன். எனக்குச் சிரிப்பு எப்போதும் சுலபமாக வரும். “நம்ம ஊர்ல கெளம்பும்போது யாராச்சும் போறேன்னு சொல்வாகளா? வாரேன்னுதான் சொல்வோம். நான் டிராஃபிக்கப் பாக்கக் கெளம்புறேன்னு சொன்னேன். இவுக அத வருகையா எடுத்துக்கிட்டாக. தப்பு என்னுதும் இல்ல, இவுகளுதும் இல்ல. தமிழோடது.”

டி.எஸ்.பி. சிரித்துவிட்டார். சுருக்கெழுத்தாளரும் சிரித்தார். நானே என் பேச்சில் கொஞ்சம் மயங்கிப்போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.எஸ்.பி. ஏட்டம்மாவைப் பார்த்தார். “என்னம்மா, ஆய்வாளர் கெளம்புறாருன்னு ஒங்களுக்குப் புரியலையா?”

அவர் விறைப்பாக நின்றபடியே சொன்னார்: “கெளம்புறேன்னே சொன்னாகன்னு வச்சுக்குவோம்யா. வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்புனவுக திரும்பி வருவாகள்ல? அதுக்குத்தான் காத்திருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மேசைமேல் மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. அப்போதும் நான் வாயைத் திறந்திருக்கலாம். டி.எஸ்.பி. என் முகத்தைப் பார்த்தபடி ஒரு கணம் காத்திருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நீலப் பூ இருந்தது.

ஏட்டம்மாவுக்குக் கண்டனம் என்று உத்தரவு வந்தது. பட்டியலிலிருந்து பெயர் போனது. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நிலையத்துக்கு மாற்றல்.

விசாரணை முடிந்து திரும்பும்போது வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த ஓட்டுநர், “நல்லாப் பேசுனீகய்யா” என்றார்.

“என்னய்யா?”

“இல்ல, நல்லாத்தான் பேசுனீக. பட்டிமன்றத்துக்கே கூப்புடலாம்.”

அவர் ஓய்வு பெற்ற நாளில் நான் போட்ட மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, உடனே கழற்றி ஜீப்பின் முன்னால் மாட்டினார். வண்டிக்காவது ஒரு மரியாதை இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

இது இப்படியே புதைந்து போயிருக்கும். நற்சான்றிதழ் வாங்கிய பாவத்துக்கு, பயிற்சிப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: நெருக்கடி நேரத்தில் தலைமை. போனேன். ஜீப் கிளம்பியதை அதிசயமாகச் சொன்னேன், சிரித்தார்கள். ரசத்தைச் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். எல்லாவற்றையும் நானே அங்கு நின்று செய்ததுபோலச் சொன்னேன். முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் காவலர் எழுந்தார்.

“சார், அந்த நேரம் மண்டபத்துக்குள்ள யார் சார் இருந்தாங்க?”

“நம்ம டீம்மா” என்றேன்.

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்து, நோட்டில் ‘டீம்’ என்று எழுதிக்கொண்டார். எழுதியதை மேடையிலிருந்து பார்த்தேன். தேநீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நாலு நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். நடந்தது நடந்தபடி. பயந்து ஓடியதை ‘நிலையிடம் விட்டு அகன்றேன்’ என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டு ‘ஓடினேன்’ என்று போட்டேன். கேட்டும் எடுக்காத மைக்கையும் எழுதினேன். எஸ்.பி. அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூர்ப் பக்கம் போனேன். ஏட்டம்மா நிலையத்து வாசலில் ஒரு ஆட்டுத் திருட்டுப் புகாரை எழுதிக்கொண்டிருந்தார். மனுவை வாங்கி முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இத எனக்கு ஏன்யா காட்டுறீக? எஸ்.பி. ஆபீசு மதுரைலல்ல இருக்கு.”

“நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா...”

“மன்னிச்சேன்னு சொல்லணுமா?” என்றார். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான். “அதச் சொல்லிட்டா இந்தத் தாள நீங்க அங்க குடுக்க மாட்டீகய்யா. ஒங்களப் பத்தி எனக்குத் தெரியும்.”

ஆட்டைத் தொலைத்தவர் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆடு எந்த நிறம் என்று கேட்டு வைத்தேன். ஏட்டம்மா புகாரை மறுபடி எழுத ஆரம்பித்தார்.

எஸ்.பி. அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தர் மனுவைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது.

“சார், மொட்டைக் கடுதாசி நெறையப் பாத்திருக்கேன். தன்னைப் பத்தித் தானே போட்டுக்கிட்ட ஆளு நீங்கதான்.”

“மொட்டை இல்லையே, நான்தான் நேர்ல வந்திருக்கேன்ல.”

“கீழ கையெழுத்து இல்லையே சார்.”

பார்த்தேன். இல்லை. மறந்தேனா, என் கை தானாக விட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கையைப் பற்றி நான் உத்தரவாதம் எதுவும் தர முடியாது. அவருடைய பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சீல் குத்தினார்.

விசாரணை மறுபடி நடந்தது. எனக்குத் தண்டனை வந்தது. சரியான அளவுதான். நற்சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதன் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. ஏட்டம்மாவின் கண்டனத்தை ரத்து செய்தார்கள். ஆனால் அந்த வருடத்துப் பட்டியல் அந்த வருடத்தோடு முடிந்துவிட்டது. அதை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அடுத்த பட்டியலில்தான் அவருக்கு இடம், அதுவும் கடைசியில்.

ஆயுதப்படை மைதானத்தில் பதவி உயர்வு உத்தரவு வழங்கினார்கள். நான் பந்தல் ஓரத்தில், பந்தோபஸ்துக்கு வந்தவனாக நின்றேன். வாங்க வேண்டிய நாலு பேரையும் பட்டியல் வரிசையில் நிறுத்தினார்கள். முதல் மூன்று இடங்களில் நின்றவர்கள் ஏட்டம்மாவுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள். அதில் ஒருவருக்குப் புகார் எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அந்தப் பெண் திரும்பி, வரிசையிலிருந்து விலகி வழிவிட்டார்.

“அக்கா, நீங்க முன்னால வாங்க. எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“லிஸ்ட் எப்படியோ அப்படி நில்லும்மா” என்றார் ஏட்டம்மா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாலாவது இடத்திலேயே நின்றார்.